வண்டுப்புழு குடல் பாக்டீரியா புதுசா பழசா? டிஒய்ஜிஎஸ் சர்வர் ரிவ்யூ, கூடவே காசு குடுத்து பண்ண சீக்வென்ஸிங் கதையும்

மொதல்லயே மார்க் போட்டுடறேன், விவரம் அப்புறம். ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக்ல இருக்கற டிஎஸ்எம்இசட் (பெரிய நுண்ணுயிர் சேமிப்பகம்) காரங்க ஃப்ரீயா நடத்தற, ஜீனோம குடுத்தா பாக்டீரியா தெரிஞ்ச ஸ்பீஷீஸா புதுசானு ஒப்பிட்டு சொல்ற டிஒய்ஜிஎஸ் சர்வருக்கு 5க்கு நாலரை. அதுல போடறதுக்கு ஜீனோம் எடுத்துக் குடுத்த நம்ம நாட்டு கம்பெனி ஒண்ணுக்கு (பேரு வேணாம் விடுங்க) 5க்கு 2, அந்த ரெண்டும் சாம்பிள் வாங்க வந்த கூரியர் தம்பி ஐஸ் பெட்டியோட சொன்ன நேரத்துக்கு வந்ததுக்காக மட்டும்.

இது யாருக்கான ரிவ்யூனா, ஏதோ ஒரு பூச்சி குடல்ல இருந்து பாக்டீரியா பிரிச்செடுத்து, 16எஸ் (எல்லா பாக்டீரியாவுலயும் இருக்கற, ஆள் அடையாளம் பாக்க உதவற ஜீன்) ரிசல்ட்ல, தெரிஞ்ச ஸ்பீஷீஸோட ஒத்துப்போறது 97 சொச்சம் பர்சன்ட்னு பார்த்துட்டு, "ஆஹா இது புது ஸ்பீஷீஸ் போலயே"ன்னு தூக்கம் வராம உக்காந்திருக்கற எம்எஸ்சி, பிஎச்டி மக்களுக்கு. மத்தவங்களும் படிக்கலாம், புழு வயித்த கிழிக்கற பகுதி மட்டும் சாப்பிடறப்ப வேண்டாம்.

என்னோடது காண்டாமிருக வண்டு. தென்னந்தோப்பு வச்சிருக்கறவங்களுக்கு பேரக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும், வளர்ந்த வண்டு குருத்த குடைஞ்சு உள்ள போகும், அப்புறம் அந்த ஓலை விரிஞ்சு வர்றப்ப வி ஷேப்ல வெட்டு விழுந்திருக்கும், பார்த்த உடனே இது யார் வேலைனு தெரிஞ்சிடும். ஆனா புழு தென்னைய தொடறதில்ல. அது எருக்குழியிலயும் மக்கிப்போன தென்னை மரத்துலயும் ஜம்முனு இருந்துக்கிட்டு மக்கினத தின்னே விரல் தண்டி ஆகுது. மக்கின நார தின்னு ஒரு உசுரு இவ்ளோ கொழுக்குதுனா அந்த குடல்ல என்னமோ நடக்குது இல்லையா, அதுக்குத்தான் பாக்டீரியா தேடி போறது.

தோப்புக்காரர் ஒருத்தர்கிட்ட புழு கேட்டு போனப்ப அவரு எருவ கிளறி எடுத்துக் குடுத்துட்டு, "ஏனுங்க தம்பி, புழுவ கொல்ல வழி கேட்டா நீங்க அது வயித்த அறுத்து பாக்கறேங்கறீங்க"ன்னாரு. நியாயமான கேள்விதான். எருக்குழியில மெட்டாரைசியம் பூஞ்சானம் போடுங்கண்ணானு சொல்லிட்டு வந்தேன், அது அவருக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருந்தது.

இந்த புழு குடல் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டா மேல சொல்லப்போறது புரியும். இந்த வகை வண்டுப்புழுக்கள்ல நடுக்குடல் செம காரம், பாக்னோடானு ஒரு ஆப்பிரிக்க வண்டோட புழுவுல அளந்தப்ப பிஹெச் 10ஐ தாண்டியிருக்கு. அதுக்கு பின்னாடி பின்குடல் பெருசா உப்பி ஒரு பை ஆயிடும், அங்க பிஹெச் கிட்டத்தட்ட நியூட்ரல், நடுவுல ஆக்ஸிஜனே கெடையாது, அங்கதான் நொதிச்சு அசிட்டேட் வருது, மீத்தேன் கூட வருது. ஆக சில சென்டிமீட்டர் தள்ளி தள்ளி ரெண்டு வேற வேற உலகம், ரெண்டுலயும் வேற வேற ஆளுங்க. நாம சாதாரணமா காத்துல வச்சு பிளேட்ல வளர்க்கறது அதுல ரொம்ப சின்ன பங்கு, இத எப்பவும் ஞாபகத்துல வச்சுக்கணும், இல்லனா "குடல்ல இருக்கற பாக்டீரியா இதுதான்"னு கட்டுரையில அள்ளி விட்டுடுவோம்.

புழுவ ஐஸ்ல வச்சா அசைவு நின்னுடும், 70 பர்சன்ட் எத்தனால்ல முக்கி, ஸ்டெரைல் தண்ணில அலசி, மெழுகு தட்டுல ரெண்டு பக்கமும் ஊசி குத்தி நிறுத்தினா பின்பக்கம் தோலுக்கு அடியில கருநீலமா தெரியும் பாருங்க, அதான் பின்குடல் பை. பக்கவாட்டுல சின்ன கத்திரியால மெதுவா வெட்டணும், அவசரப்பட்டா பை கிழிஞ்சு எரு குழம்பு மொத்தமும் தட்டுல ஓடிடும், அதுக்கப்புறம் அந்த புழு வேஸ்ட்டு. முழுசா எடுத்து பிபிஎஸ்ல (உப்பு பஃபர்) நசுக்கி, டைல்யூட் பண்ணி பிளேட்ல தேய்ச்சு வச்சா மறுநாளே பெரிய பெரிய கிரீம் கலர் காலனி ஊருக்கு முன்னாடி வந்து நிக்கும், அதுங்கள கண்டுக்காதீங்க, பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிஞ்ச பேசில்லஸ் கூட்டம். பொறுமையா இன்குபேட்டர்ல விட்டு வச்சா ஓரமா குண்டூசி தலை அளவுக்கு வெளிர் மஞ்சள்ல ஒண்ணு எட்டிப்பாக்கும். என் கதாநாயகன் அதுதான். ஜீனஸ் பேரு இப்ப சொல்ல மாட்டேன், பேப்பர் வரட்டும்.

சரி சர்வீஸுக்கு வருவோம்.

16எஸ் வரைக்கும் பிரச்சனையே இல்ல. 27எஃப், 1492ஆர் பிரைமர் போட்டு பிசிஆர், ரெண்டு பக்கமும் சாங்கர் சீக்வென்ஸிங், ஒட்ட வச்சா 1400 பேஸுக்கு (டிஎன்ஏ எழுத்துக்கு) மேல கெடைக்கும். இத நிறைய பேரு நேரா பிளாஸ்ட்ல (எல்லாரும் போட்டு வச்ச சீக்வென்ஸ்ல தேடற டூல்) போட்டு மேல வர்ற பேர எழுதிக்கறாங்க, அங்க மேல வர்றதுல பாதி "அன்கல்ச்சர்ட் பாக்டீரியம்"னு இருக்கும், மீதிய யாரோ தப்பா பேர் போட்டு வச்சிருப்பாங்க. கொரியாக்காரங்களோட ஈஸிபயோகிளவுட்ல போடுங்க, அது முக்கியமா டைப் ஸ்ட்ரெயினோட (ஒரு ஸ்பீஷீஸுக்கு அதிகாரபூர்வ மாதிரியா வச்சிருக்கற ஸ்ட்ரெயின்) ஒப்பிட்டு பர்சன்ட் சொல்லும். 98.7க்கு கீழ வந்தா புதுசா இருக்க வாய்ப்பு இருக்குனு அர்த்தம். மேல வந்தாலும் புதுசா இருக்கலாம், 99க்கு மேல ஒத்துப்போயும் ஜீனோம்ல வேற ஸ்பீஷீஸா இருக்கற ஜோடிங்க எவ்வளவோ இருக்கு. அதனால 16எஸ் ஒரு வாசல் மாதிரிதான், உள்ள போக ஜீனோம் வேணும், ஜீனோமுக்கு காசு வேணும்.

காசு குடுத்த கதை இனிமே.

கொட்டேஷன்லயே ஒரு லைன் எனக்கு உறுத்துச்சு. சீக்வென்ஸிங்குக்கு ஒரு தொகை, அசெம்பிளிக்கு (துண்டு துண்டா படிச்சத ஒட்டி ஜீனோமாக்கறது) ஒரு தொகை, அது போக "நாவல் ஸ்பீஷீஸ் ஐடென்டிஃபிகேஷன் பேக்கேஜ்"னு தனியா ஒரு தொகை. அது என்னனு கேட்டா "அட்வான்ஸ்டு ஃபைலோஜெனோமிக்ஸ் சார்"ங்கறாங்க. கைடுகிட்ட காட்டினேன், "அதெல்லாம் வேணாம்பா, ரா டேட்டா மட்டும் கேளு"ன்னாரு, மேடம் ஒருத்தங்க வேற லேப்ல அதே பேக்கேஜ் வாங்கியிருந்தாங்க, அந்த ரிப்போர்ட்ட வாங்கி பார்த்தா உள்ள இருந்த வம்ச மரம் டிஒய்ஜிஎஸ்ல வர்ற மரமேதான், கலர் கட்டம் உட்பட. ஃப்ரீயா கெடைக்கறத பிடிஎஃப் ஆக்கி லோகோ ஒட்டி பில் போட்டிருக்காங்க. தப்புனு சொல்ல முடியாது, யாரும் கேக்கறதில்ல, அவ்ளோதான். ஆனா உங்க கைடோட கிராண்ட் காசு அது, கொஞ்சம் யோசிச்சு செலவு பண்ணுங்க.

சொன்ன தேதி தாண்டி ரொம்ப நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. மெயில்ல ஒரு அசெம்பிளி ஃபைல், ஒரு பளபள ரிப்போர்ட். ரா ரீட்ஸ் (ஒட்டறதுக்கு முன்னாடி மெஷின் படிச்ச துண்டுங்க) இல்ல, கேட்டா "அது தனி ரிக்வெஸ்ட்". ரிப்போர்ட்ல கவரேஜ் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியா எத்தன தடவ படிச்சிருக்குங்கறது) 100எக்ஸுக்கு மேலனு பெருசா போட்டிருந்தது, சந்தோஷம்தான், ஜீனோம் கட்டுரைக்கு 50எக்ஸாவது இருக்கணும்னு 2018ல வந்த மினிமல் ஸ்டாண்டர்ட்ஸ் சொல்லுது, அத தாண்டியாச்சு. ஆனா ஜீனோம் சைஸ பார்த்தா 9 எம்பி (90 லட்சம் பேஸ்) கிட்ட நிக்குது. நம்ம ஆளோட சொந்தக்காரங்க எல்லாம் 4 எம்பிய சுத்தி இருக்கறப்ப இவரு மட்டும் எப்படிய்யா ரெண்டு மடங்கு? ஜீனோம் முழுசா இருக்கா, கலப்படமானு பாக்கற செக்எம் டூல ஓட்டினேன், கம்ப்ளீட்னஸ் பிரமாதம், கன்டாமினேஷன் அத விட பிரமாதம். கலப்படம் தேடற கான்டெஸ்ட்16எஸ்ல போட்டா உள்ள ரெண்டு வேற வேற 16எஸ் உக்காந்திருக்கு, ஒண்ணு நம்மாளு, இன்னொண்ணு பேசில்லஸ்.

கம்பெனிக்கு மெயில் போட்டா ரெடிமேட் பதில், "உங்க கல்ச்சர் ப்யூரா இருந்திருக்காது சார்". இதுக்குத்தான் எல்லாரும் கேளுங்க: அனுப்பற அதே ஸ்லான்ட்டோட (கல்ச்சர் வளர்த்த டியூப்) ஜோடி ஒண்ண எப்பவும் கையில வச்சுக்கங்க. நான் அத மறுபடி ஸ்ட்ரீக் பண்ணி, ஒரே மாதிரி காலனி வர்றத போட்டோ எடுத்து, அதுல இருந்தே டிஎன்ஏ எடுத்து சாங்கர் பண்ணி, குரோமட்டோகிராம்ல ஒத்த பீக் சுத்தமா நிக்கறத காட்டி, எல்லாத்தையும் ஒரே மெயில்ல வச்சு அனுப்பினேன். அதுக்கப்புறம் பதில் போடற ஆளே மாறிட்டாரு, குரலும் மாறிடுச்சு. எங்க கலந்துச்சுனு கடைசி வரைக்கும் யாரும் வாய தொறக்கல, ஆனா காசு வாங்காம மறுபடி ரன் பண்ணாங்க, இந்த தடவ ரா ரீட்ஸ் கேக்காமலே வந்துச்சு, சைஸும் 4 எம்பி சொச்சத்துல ஒழுங்கா உக்காந்துச்சு. அதனால 1 போடாம 2.

இப்ப ஹீரோவுக்கு வருவோம்.

டிஒய்ஜிஎஸ்னா டைப் ஸ்ட்ரெயின் ஜீனோம் சர்வர். 2019ல வந்தது. பண்ண வேண்டியது இவ்ளோதான்: உங்க ஜீனோம் ஃபைல (ஃபாஸ்டா ஃபார்மட்ல) அப்லோட் பண்ணு, "நெருங்கின டைப் ஸ்ட்ரெயின்கள நீயே தேடு"ங்கறத டிக் பண்ணு, மெயில் ஐடி குடு, சப்மிட். அக்கவுன்ட் தொறக்க வேணாம், கார்டு நம்பர் வேணாம், "ஃப்ரீ டிரயல் முடிஞ்சுது"ங்கற வேலையே இல்ல. ராத்திரி போட்டுட்டு தூங்கினா மெயில்ல லிங்க் வந்து நிக்கும், கூட்டமா இருந்தா கொஞ்சம் லேட் ஆகும், அவ்ளோதான்.

உள்ள என்ன பண்ணுதுனா, மொதல்ல வேகமா ஒரு தோராய ஒப்பீட்டுல பக்கத்துல இருக்கற டைப் ஸ்ட்ரெயின் 10ஐ பொறுக்கும், உங்க ஜீனோமுக்குள்ள இருக்கற 16எஸ்ஸ வச்சு இன்னொரு வழியிலயும் நெருங்கினவங்கள தேடும், அப்புறம் அவங்க எல்லாரோடயும் ஜீனோம் முழுக்க ஒப்பிட்டு டிஜிட்டல் டிடிஹெச் (டிஎன்ஏ-டிஎன்ஏ ஹைப்ரிடைசேஷன், ரெண்டு ஜீனோம் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற பர்சன்ட்) கணக்கு போடும். டேபிள்ல டி0, டி4, டி6னு மூணு நம்பர் வரும், புதுசா பாக்கறவங்க மூணையும் பார்த்து குழம்பிடுவாங்க, நீங்க டி4ஐ மட்டும் புடிச்சுக்கங்க. ஏன்னா அது ஜீனோமோட நீளத்த கணக்குல எடுக்கறதில்ல, பொருந்தற பகுதிகள்ல எவ்ளோ எழுத்து ஒண்ணாருக்குனு மட்டும் பாக்குது, நம்ம மாதிரி துண்டு துண்டா கான்டிக் வச்சிருக்கற ஏழைங்களுக்கு அதான் நம்பகம். 70க்கு கீழனா வேற ஸ்பீஷீஸ். பக்கத்துலயே கான்ஃபிடன்ஸ் இன்டர்வலும் இருக்கும், உங்க நம்பர் 68, 69னு எல்லைக்கோட்டுல நின்னா அதையும் பாருங்க, ஆடாதீங்க. என்னோடது 30 சொச்சம், சந்தேகத்துக்கே எடமில்ல. ஜிசி பர்சன்ட் வித்தியாசமும் குடுக்கும், ஒரே ஸ்பீஷீஸுக்குள்ள அது 1க்கு மேல போகாது, அதையும் சேர்த்து பார்த்தா மனசு ஆறும்.

எனக்கு ரொம்ப புடிச்சது மரம். 16எஸ் மரம் ஒண்ணு, முழு ஜீனோம் மரம் ஒண்ணு, ரெண்டும் தனித்தனியா. நுனியில ஸ்பீஷீஸ் கிளஸ்டர், சப்ஸ்பீஷீஸ் கிளஸ்டர், ஜிசி, ஜீனோம் சைஸ், புரோட்டீன் எண்ணிக்கைனு கலர் கட்டமா வரிசையா நிக்கும். நம்ம ஆளு ஒரு தனி கலர்ல ஒத்தையா நிக்கறத பார்க்கறப்ப, பொய் சொல்லல, கேன்டீன் வரைக்கும் போயி எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். 16எஸ் மரத்துல கிளைகளுக்கு சப்போர்ட் (அந்த பிரிவு எவ்ளோ நம்பகம்ங்கற நம்பர்) பரிதாபமா இருந்துச்சு, யார் யாருக்கு அண்ணன் தம்பினே சொல்ல முடியல, அதே ஆளுங்க ஜீனோம் மரத்துல 100 சப்போர்ட்டோட கச்சிதமா பிரிஞ்சு நின்னாங்க. இன்னொரு புண்ணியம், கட்டுரையில எழுதறதுக்கு மெத்தட்ஸ் பகுதியையே எழுதி குடுத்துடறாங்க, எந்த ப்ரோகிராம், எந்த வெர்ஷன், என்ன ஃபார்முலானு எல்லாம் இருக்கும், ஒண்ணும் விட்டுப்போகாது.

இதோட அருமை தெரியணும்னா முன்னாடி எப்படி இருந்துச்சுனு பாக்கணும். வண்டுப்புழு கதைகள்லயே நல்ல உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல நியூ ஜெர்சியில 1916ல ஜப்பான் வண்டு தலை காட்டிச்சு, புல்தரைய எல்லாம் நாசம் பண்ண ஆரம்பிச்சுது. அந்த புழுவுக்கு வர்ற ஒரு நோய டட்கினு ஒருத்தர் ஆராய்ஞ்சாரு. புழு மண்ணோட ஸ்போரையும் தின்னும், ஸ்போர் குடல்ல முளைச்சு உடம்புக்குள்ள எறங்கிடும், கொஞ்ச நாள்ல புழுவோட ரத்தமே பாலா வெளுத்துப்போகும், ஒரு கால நறுக்கினா வெள்ளையா சொட்டு விடும். அவரு 1940ல ரெண்டு புது ஸ்பீஷீஸா எழுதினாரு, பேசில்லஸ் பாப்பில்லியே, பேசில்லஸ் லென்டிமோர்பஸ்னு. பாப்பில்லியேவுல ஸ்போருக்கு பக்கத்துல இன்னொரு சின்ன உருண்டை இருக்கும், லென்டிமோர்பஸ்ல இருக்காது, மைக்ராஸ்கோப்ல பார்த்தா தெரியற வித்தியாசம், இதான் அடையாளம்னு பல வருஷம் ஓடுச்சு. 1990கள் கடைசியில டிஎன்ஏ எடுத்து பார்த்தா லென்டிமோர்பஸ் கூட்டத்துலயே சிலதுக்கு அந்த உருண்டை இருக்கு! ரெண்டும் வேற வேற ஸ்பீஷீஸ்தான், அதுல டட்கி சரி, ஆனா கண்ணால பார்த்த அடையாளம் கவுத்துடுச்சு. 1999ல ரெண்டையும் பேனிபேசில்லஸ் ஜீனஸுக்கு மாத்திட்டாங்க.

இன்னொண்ணு நியூசிலாந்து. அங்க மேய்ச்சல் புல்லோட வேர தின்னற ஒரு வண்டுப்புழு இருக்கு, அதுக்கு ஒரு குடல் நோய் வந்தா தின்னறத நிறுத்திடும், குடல் காலியாகி புழு தேன் கலர்ல கண்ணாடியா ஆயிடும். அதுக்கு காரணமான பாக்டீரியாவுக்கு 1988ல செர்ரேஷியா என்டோமோஃபிலானு பேர் வச்சாங்க, பின்னாடி அதுவே புழுவுக்கு எதிரா விவசாயிங்க வாங்கற சரக்காவும் ஆச்சு. ஆனா அந்த நோய உண்டாக்கற ஜீன்கள் ஒரு பிளாஸ்மிட்ல (குரோமோசோமுக்கு வெளிய இருக்கற தனி டிஎன்ஏ வளையம்) உக்காந்திருக்கு, பிளாஸ்மிட் போயிட்டா அதே ஸ்பீஷீஸ் சாதுவா ஆயிடும், அந்த பிளாஸ்மிட் பக்கத்து ஸ்பீஷீஸ்லயும் இருக்கும். அப்ப "நோய் குடுக்குதா இல்லையா"ங்கறத வச்சு ஸ்பீஷீஸ் பிரிச்சா எங்க போயி முடியும் பாருங்க.

70ங்கற அந்த எல்லை வந்தது 1987ல. அப்ப எல்லாம் டிடிஹெச்னா நிஜமாவே ரெண்டு டிஎன்ஏவ சூடு பண்ணி பிரிச்சு, கலந்து, மறுபடி எவ்ளோ ஒட்டுதுனு அளக்கறது. பக்கத்து சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரோட டைப் ஸ்ட்ரெயினையும் வாங்கி வளர்க்கணும், ஒரு லேப்ல வர்ற நம்பர் இன்னொரு லேப்ல வராது. இப்ப அந்த வேலைய ஒரு வெப்சைட்டு ராத்திரியில முடிச்சு மெயில் போடுது, அதுவும் காசு வாங்காம. நாலரை குடுக்கறது குறைச்சலே.

அப்ப அந்த அரை மார்க் எதுக்கு புடிச்சேன்?

ரிசல்ட் டேபிள்ல மேல "பொட்டென்ஷியல் நியூ ஸ்பீஷீஸ்"னு ஒரு வரி வரும் பாருங்க, அந்த வரிதான் ஆபத்து. அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வச்சவங்கள நான் பார்த்திருக்கேன். அங்க இருக்கற "பொட்டென்ஷியல்"ங்கற வார்த்தைய யாரும் படிக்கறதில்ல. சர்வர் தன்கிட்ட ஜீனோம் இருக்கற டைப் ஸ்ட்ரெயினோட மட்டும்தான் ஒப்பிடும், உங்க ஆளோட உண்மையான பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜீனோமே யாரும் இன்னும் எடுக்கலைனா அவரு டேபிள்லயே இருக்க மாட்டாரு. அதனால 16எஸ் பக்கம் போயி, எல்பிஎஸ்என்ல (பாக்டீரியா பேர் பட்டியல் வெப்சைட்) அந்த ஜீனஸ்ல முறையா வெளியான பேரெல்லாம் எடுத்து வச்சு, ஒவ்வொண்ணா டிக் அடிச்சு, யாரு விட்டுப்போச்சுனு பார்க்கணும். (எல்பிஎஸ்என்னும் ஃப்ரீதான், 1997ல பிரான்ஸ்ல யூஸேபினு ஒருத்தர் தனி ஆளா ஆரம்பிச்சது, 2020ல டிஎஸ்எம்இசட் கைக்கு வந்துச்சு, இப்ப ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு லிங்க் ஆகி இருக்கறது பெரிய வசதி.) அடுத்தது, ஏஎன்ஐ (ரெண்டு ஜீனோமோட சராசரி ஒற்றுமை பர்சன்ட்) நம்பர் இதுல வராது, ரிவ்யூவருங்க அதையும் கேப்பாங்க, 95-96 எல்லை, அத வேற டூல்ல தனியா போட்டுக்கணும். கலப்படம் இருக்கானு பாக்கறதும் இதோட வேலை இல்ல, என் மொத ஃபைல் மாதிரி ஒண்ண செக்எம் பாக்காம நேரா போட்டிருந்தா வந்த நம்பர நம்பறதா வேணாமானே தெரிஞ்சிருக்காது.

ஜீனஸ் விஷயத்துல இன்னும் உஷாரா இருக்கணும். ஸ்பீஷீஸுக்கு 70னு ஒரு கோடு இருக்கு, ஜீனஸுக்கு எல்லாரும் ஒத்துக்கற அப்படி ஒரு கோடு கெடையாது. மேல சொன்ன பாக்னோடா புழுவோட பின்குடல்ல இருந்து நெதர்லாந்துக்காரங்க சைலான் (செடி நார்ல இருக்கற ஒரு சக்கரை சங்கிலி) ஒடைக்கற ஒரு பாக்டீரியாவ எடுத்து 2003ல ப்ரோமைக்ரோமோனோஸ்போரா பாக்னோடேனு பேர் வச்சாங்க, 2004லயே வேற ரெண்டு பேர் அத சைலானிமைக்ரோபியம்னு புது ஜீனஸுக்கு தூக்கிட்டு போயிட்டாங்க. வேலை மோசம்னு இல்ல, அந்த துறையே அப்படி.

அப்புறம் ஜீனோம் மட்டும் வச்சு பேர் வச்சுட முடியாது, ஃபேட்டி ஆசிட், குயினோன், போலார் லிப்பிட், என்ன சக்கரை தின்னும், எத்தன டிகிரி வரைக்கும் வளரும், உப்பு எவ்ளோ தாங்கும், இதெல்லாம் பக்கத்து டைப் ஸ்ட்ரெயின்களையும் பக்கத்துல வச்சு அதே மீடியாவுல, அதே டெம்பரேச்சர்ல பண்ணணும். இது சர்வர் குறை இல்ல, ஆனா சர்வர் ரிசல்ட் பார்த்துட்டு "முடிஞ்சுது"னு நினைக்கறவங்களுக்காக சொல்றேன். ஒரே ஒரு ஸ்ட்ரெயின வச்சு ஸ்பீஷீஸ் எழுதினாலும் ரிவ்யூவர் முகம் சுளிப்பாங்க, முடிஞ்சா வேற எருக்குழி புழுவுல இருந்தும் அதே ஆள புடிக்க பாருங்க.

நெசமான கழுத்தறுப்பு ஸ்ட்ரெயின டெபாசிட் பண்றதுல இருக்கு. பேரு முறைப்படி செல்லணும்னா டைப் ஸ்ட்ரெயின் ரெண்டு வெவ்வேற நாட்டுல, ரெண்டு கல்ச்சர் கலெக்‌ஷன்ல, யார் கேட்டாலும் குடுக்கற மாதிரி இருக்கணும், சர்டிஃபிகேட் இல்லாம ஐஜெஎஸ்இஎம்ல (புது பாக்டீரியா பேர வெளியிடற முக்கிய ஜர்னல்) உள்ளயே விட மாட்டாங்க. நம்மூர்ல சண்டிகர் எம்டிசிசி இருக்கு, புனே என்சிஎம்ஆர் இருக்கு, வெளிய கொரியா, ஜப்பான், இல்ல இதே டிஎஸ்எம்இசட். ஆனா நம்ம மண்ணுல கெடச்ச பாக்டீரியா நாட்ட விட்டு போகுதுனா 2002 பல்லுயிர் சட்டம் குறுக்க வரும், தேசிய பல்லுயிர் ஆணையம் வேற எங்கயும் இல்ல, நம்ம சென்னை தரமணியிலதான் ஆபீஸ், பேப்பர் வேலை எல்லாம் அங்கதான். புது இனம் எது கண்டுபிடிச்சாலும் அரசு குறிச்ச களஞ்சியத்துக்கு தெரிவிச்சு மாதிரி குடுக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. சட்டத்த குறை சொல்லல, அது தேவைதான், வெளிநாட்டுக்காரன் நம்ம சரக்க சும்மா அள்ளிட்டு போன கதை நெறைய இருக்கு. ஆனா ஸ்டூடன்ட்ட முன்னாடியே யாராவது எச்சரிச்சா நல்லா இருக்கும். ஜீனோமுக்கு சாம்பிள் அனுப்பற அன்னிக்கே டெபாசிட் பேப்பரையும் ஆரம்பிங்க, ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்தீங்கனா உங்க ஃபெலோஷிப் முடியறப்பதான் சர்டிஃபிகேட் வரும்.

சில பேர் சீக்கோடுங்கற இன்னொரு பேர் வைக்கற விதிமுறை பக்கம் போறாங்க. 2022ல வந்தது, கல்ச்சர் இல்லாம ஜீனோமயே டைப்பா வச்சு பேர் வைக்கலாம். புழுவோட பின்குடல்ல இருக்கற ஆக்ஸிஜன் ஆகாத கூட்டத்த எல்லாம் பிளேட்ல வளர்க்கவே முடியாம மெட்டாஜீனோம்ல (குடல்ல இருக்கற எல்லா டிஎன்ஏவையும் மொத்தமா படிக்கறது) மட்டும் பார்க்கறவங்களுக்கு இது வரம். ஆனா கையில உயிரோட ஸ்ட்ரெயின் வச்சிருக்கறவங்க பழைய வழியிலயே போங்கங்கறதுதான் என் கருத்து, நாளைக்கு அந்த பாக்டீரியா நார எப்படி ஒடைக்குதுனு பாக்கணும்னா ஃப்ரீஸர்ல இருந்து எடுத்து வளர்க்க ஆளு வேணும் இல்ல, ஜீனோம் ஃபைல பிளேட்ல தேய்க்க முடியாது.

யாரு எத வாங்கலாம்னா: 16எஸ்ல 99க்கு மேல வந்து, உங்க வேலை வெறும் என்சைம் ஸ்க்ரீனிங்னா ஜீனோமே வேணாம், காச மிச்சம் புடிங்க. புதுசா இருக்கும்னு தோணுச்சுனா சீக்வென்ஸிங் மட்டும் வாங்குங்க, "ஐடென்டிஃபிகேஷன் பேக்கேஜ்" எந்த கம்பெனி குடுத்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க. பர்ச்சேஸ் ஆர்டர்லயே ரா ஃபாஸ்ட்க்யூ ஃபைல் குடுக்கணும், கன்டாமினேஷன் 5 பர்சன்ட்டுக்கு மேல போனா காசு வாங்காம மறுபடி ரன் பண்ணணும்னு ரெண்டு வரி சேர்த்து கையெழுத்து வாங்கிடுங்க, இத சேர்க்க அவங்க தயங்கினாங்கனா வேற கம்பெனி பாருங்க. டிஒய்ஜிஎஸ்ல போடறப்ப ஸ்ட்ரெயின் பேர ஃபைல்லயே சுருக்கமா ஒழுங்கா வச்சுடுங்க, "கான்டிக்ஸ் ஃபைனல் ஃபைனல் 2"னு இருந்தா கட்டுரையில போடற மரத்துலயும் அதையே மாத்திட்டு உக்காந்திருக்கணும். ரிசல்ட் லிங்க்க நம்பி விட்டுடாம வந்த அன்னிக்கே டேபிள், மரம் எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி ரெண்டு எடத்துல வச்சுக்கங்க. கைடு மெயிலையும் சேர்த்து வச்சுக்கங்க, காலேஜ் மெயில் ஐடி நீங்க வெளிய போன உடனே மூடிடுவாங்க.